போல்ட் ஏறாத நான்கு ஓட்டைகள்

பெயர்: எலுத்தேரியோ சுமாலினோக். தகப்பனார் பெயர்: காலஞ்சென்ற பாசிலியோ சுமாலினோக். வயது: ஐம்பத்து நான்கு. தொழில்: ஜப்பானிலிருந்து கப்பலில் வரும் பழைய இஞ்சின்களைப் பிரித்து விற்பது, பொருத்துவது. விலாசம்: துறைமுகச் சாலைப் பின்புறம், சான் விசென்தே தெரு, புவெந்தோ நகர், செபு தீவு. வாக்குமூலம் பதிவான இடம்: நகர அரசு வழக்கறிஞர் அலுவலகம். நாள்: 2011 ஜூலை 18, முற்பகல் 9.40 மணி முதல்.

என்னை யாரும் அழைத்து வரவில்லை. நானாக வந்தேன். நான் சொல்வது எனக்கே எதிராகப் பயன்படுத்தப்படலாம் என்றும், வக்கீலை வைத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டு என்றும் அதிகாரி எடுத்துச் சொன்னார். வக்கீல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கீழ்க்கண்டவாறு சொல்கிறேன்.

நான் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். இருபத்தெட்டு வருடங்களாக மேற்படி தொழிலைச் செய்து வருகிறேன். எங்கள் தீவில் ஆள் ஏற்றி ஓடும் மல்ட்டிகேப் என்ற சிறிய வண்டிகளில் முக்கால்வாசி, ஜப்பானில் ஓடி முடித்து, பாதியாக அறுக்கப்பட்டு வந்து, இங்கே ஒட்டிச் சேர்த்தவை. அவற்றில் வரும் மூன்று சிலிண்டர் இஞ்சினை நான் ஆயிரத்துக்கு மேல் பிரித்திருப்பேன். எந்தச் சாமானைக் கையில் கொடுத்தாலும் அது இஞ்சினில் எங்கே உட்காரும் என்று சொல்லிவிடுவேன் என்று ஊரில் எனக்குப் பெயர் உண்டு. அந்தப் பெயரால்தான் போலீசார் 2010 ஜூலையில் என்னைத் தேடி வந்தார்கள்.

அவர்கள் சொன்ன விவரம் என்னவென்றால், ரொட்டிக்கடை நடத்தும் திருமதி கன்சோர்ஷியா கனோய் என்பவருடைய ஏசி வைத்த மல்ட்டிகேப் வண்டி 2009 செப்டம்பரில் கடை வாசலிலிருந்து திருடு போனது. அதன் பின்னர் 2010 ஜூன் மாதம் நடந்த சாலைச் சோதனையில், மீன் சந்தைக்கும் துறைமுகத்துக்கும் இடையே ஆள் ஏற்றி ஓட்டும் ப்ருடென்சியோ ஓம்பாத் என்பவரின் வண்டியில் இருந்த இஞ்சின் எண்ணில் கடைசி மூன்று இலக்கங்கள் துருவேறி அழிந்திருந்ததையும், அதற்கு முன்னால் இருந்த இலக்கங்கள் திருமதி கனோயின் இஞ்சின் எண்ணோடு ஒத்துப்போனதையும் கண்டு அந்த இஞ்சினைக் கைப்பற்றினார்கள். தன் பழைய இஞ்சின் உடைந்துபோனதால் 2009 அக்டோபரில் மோய்செஸ் என்ற பழஞ்சாமான் வியாபாரியிடம் இதை வாங்கியதாக ஓம்பாத் சொன்னார். மோய்செஸ் அதற்குள் இறந்துபோயிருந்தார். ரசீது என்று ஓம்பாத் காட்டியது சிகரெட் அட்டையின் பின்புறம் எழுதிய இரண்டு வரி.

போலீஸ் யார்டில் அந்த இஞ்சின் ஒரு மரப்பலகை மேல் எண்ணெயும் சேறும் அப்பிக் கிடந்தது. என்னைச் சுற்றி ஐந்து போலீசார் நின்றார்கள். ஒருவர் குடை பிடித்தார். எனக்கு அதுவரை யாரும் குடை பிடித்தது கிடையாது. நான் இஞ்சினைச் சுற்றி வந்து பார்த்தேன். பிளாக்கின் இடது முன்பக்கத்தில், ஏசி கம்ப்ரெஸரைத் தாங்கும் பிராக்கெட் உட்காருகிற இடத்தில் நான்கு ஓட்டைகள் வெறுமனே இருந்தன. ஓம்பாத்தின் வண்டியில் ஏசி கிடையாது. திருமதி கனோயின் வண்டியில் இருந்தது. அதை வைத்து, இது ஏசி வண்டியில் இருந்த இஞ்சின், பிராக்கெட்டைக் கழற்றி எறிந்துவிட்டார்கள் என்று அங்கேயே சொன்னேன். பார்த்தது கால்மணி நேரம் இருக்கும். அந்த நான்கு ஓட்டைகளை ஒரு துணியால் துடைத்துக்கூட நான் பார்க்கவில்லை. சட்டையில் சேறு படும் என்று நினைத்தேன். இதை அதிகாரி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதே இஞ்சினின் வலது பின்பக்கத்தில், ஒரு சாண் நீளத்தில் வளைந்த இரும்புக் கை ஒன்று மூன்று போல்ட்டுகளில் நின்றது. நுனியில் கட்டைவிரல் அகலத்துக்குச் சிறு உருளை இருந்தது. அப்படி ஒரு சாமானை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அதன் பின்னர் 2011 பிப்ரவரி 9 அன்று நீதிமன்றத்தில் சாட்சி சொன்னேன். என் மைத்துனரின் விசேஷச் சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். என் கடைக்கு வருகிறவர்கள் பத்துப் பேராவது பின்வரிசையில் இருந்தார்கள். எனக்கு முன்னால் ஓம்பாத் கூண்டில் நின்றபோது, இந்த இஞ்சின் ஜப்பானில் மீன் ஏற்றும் குளிர்பெட்டி வண்டியில் இருந்தது என்று மோய்செஸ் தன்னிடம் சொன்னதாகவும், வாங்கிய அன்று அதில் மீன் வாடை அடித்ததாகவும் சொன்னார். அதற்கு அரசுத் தரப்பு வக்கீல், "மீன்காரங்களை ஏத்துற வண்டியில மீன் வாடை வர்றதுக்கு ஜப்பான்லேர்ந்தா சாட்சி வரணும்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஓம்பாத்தும் அவர்களோடு சேர்ந்து கொஞ்சம் சிரித்துவிட்டு, பின்பு தலைகுனிந்துகொண்டார்.

நான் நான்கு ஓட்டைகளைப் பற்றிச் சொன்னேன். அதன் பின்னர் ஓம்பாத்தின் வக்கீல், இலவச சட்ட உதவியில் வந்த இளம்பெண், ஒரு படத்தைக் காட்டி அந்த இரும்புக் கை என்ன சாமான் என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. தெரியாது என்ற அந்தச் சொல் நாக்கு நுனி வரை வந்தது. பின்வரிசையில் என் ஆட்கள் எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான், "அது ஏசி பிராக்கெட்டோட மிச்சம்மா. பெரிய பாகத்தை அறுத்து எடுத்துட்டு இதை மட்டும் விட்டிருக்காங்க" என்று சொன்னேன். அவர் மேலே கேட்கவில்லை. அவருக்கும் தெரியாது.

அந்தச் சாட்சியத்துக்குப் பின் என்னை எல்லோரும் எக்ஸ்பர்ட் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். என் கடையில் பத்து வருடமாக வெல்டிங் வேலை பார்க்கும் பொன்சியானோ தன் கால்சட்டை முழங்காலில் இருந்த கிழிசலைக் காட்டி, "எக்ஸ்பர்ட்டு நோங், இந்த ஓட்டையில எந்த பிராக்கெட் உக்காரும்?" என்று அண்ணன் முறை சொல்லித் தினமும் கேட்பான். நான் கோபித்துக்கொள்வதுபோல் காட்டிக்கொள்வேன். உள்ளுக்குள் பிடித்திருந்தது. பக்கத்து நகரப் போலீசாரும் ஒரு வழக்குக்காக என்னைக் கேட்டு ஆள் அனுப்பினார்கள்.

மே 24 அன்று எங்களுக்குக் கப்பலில் வந்த கன்டெய்னரைத் திறந்தபோது, அதில் பாதியாக அறுத்த ஐந்து வண்டிகளும் தனி இஞ்சின்கள் பதினான்கும் இருந்தன. வண்டிகளில் ஒன்று குளிர்பெட்டி வைத்த சிறிய லாரி. குளிர்பெட்டிக் கதவில் ஒரு கணவாய் மீன் வரைந்திருந்தது. பொன்சியானோ அதன் இஞ்சின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தவன், ரொம்ப நேரம் வெளியே தலையை எடுக்கவில்லை. பின்பு என்னைக் கூப்பிட்டான். அதே மூன்று சிலிண்டர் இஞ்சின். வலது பின்பக்கத்தில் அதே வளைந்த இரும்புக் கை. அதன் உருளை மேல் ஒரு பெல்ட் ஓடி, குளிர்பெட்டிக்குத் தனியாக வைத்த இன்னொரு கம்ப்ரெஸருக்குப் போனது. பெல்ட் தொய்யாமல் இருப்பதற்காக வைத்த கை அது. வேறு எதற்கும் அது பயன்படாது.

"நோங், இது அந்தக் கோர்ட்டு சாமான்தானே?" என்று பொன்சியானோ கேட்டான்.

நான் மற்ற பதினான்கு இஞ்சின்களையும் சுற்றிப் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இடது முன்பக்கத்தில் அந்த நான்கு ஓட்டைகள் இருந்தன. ஏசி இருந்த இஞ்சின்களில் ஓட்டையின் திருகு மரை பளபளவென்று தேய்ந்து, ஓட்டையைச் சுற்றி போல்ட் தலை அழுத்திய வட்டம் தெரிந்தது. ஏசி இல்லாத இஞ்சின்களில் தொழிற்சாலையில் அடித்த கறுப்பு பெயின்ட் மரைக்குள்ளேயே உறைந்திருந்தது. ஒரே அச்சில் எல்லா பிளாக்கையும் வார்க்கிறார்கள். எந்த வண்டிக்கு எது தேவையோ அதை அந்த ஓட்டைகளில் மாட்டுகிறார்கள், மற்றதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். இது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. இருபத்தெட்டு வருடமாக என் கண் முன்னால் இருந்த விஷயம். யாரும் என்னை நிறுத்திக் கேட்காததால் நான் யோசித்ததில்லை.

நான் பொன்சியானோவிடம் வேலையைப் பார்க்கச் சொன்னேன். அதன் பின்னர் நானே ஸ்பானரை எடுத்து அந்த இரும்புக் கையைக் கழற்றிப் பழைய இரும்பு போடும் டிரம்மில் எறிந்தேன். அந்த இஞ்சினை அடுத்த நாளே தீவின் தென்கோடியிலிருந்து வந்த ஒருவருக்குக் கொடுத்து அனுப்பிவிட்டேன். பொன்சியானோ அன்றிலிருந்து கால்சட்டைக் கிழிசலைக் காட்டவில்லை. எக்ஸ்பர்ட் என்றும் கூப்பிடவில்லை.

அன்றே ஏன் வந்து சொல்லவில்லை என்று அதிகாரி கேட்கிறார். தீர்ப்புக்கு இன்னும் இருபத்தொரு நாட்கள் இருந்தன. நேரம் இருந்தது. மே 26 அன்று என்னை அழைத்துப்போகப் பக்கத்து நகரப் போலீஸ் ஜீப் என் கடை வாசலுக்கு வந்து நின்றது. தெருவே பார்த்தது. நான் ஏறிப் போனேன். இதைத் தவிர எனக்குச் சொல்வதற்குக் காரணம் இல்லை.

ஜூன் 14 அன்று தீர்ப்பு வந்தது. திருட்டு வண்டியின் இஞ்சினைத் தெரிந்தே வைத்திருந்த குற்றத்துக்காக ஓம்பாத்துக்கு ஆறு வருடச் சிறை. என் சாட்சியம் நம்பத் தகுந்தது என்று தீர்ப்பில் எழுதியிருப்பதாகப் பத்திரிகையில் படித்தேன். அந்தப் பக்கத்தை என் மனைவி மடித்து அலமாரியில் வைத்தாள்.

ஜூன் 20 அன்று முற்பகலில் ஒரு பெண் என் கடைக்கு வந்து, தான் லுஸ்மிண்டா, ப்ருடென்சியோ ஓம்பாத்தின் மனைவி என்று சொன்னார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நான் எழுந்து நின்றுவிட்டேன். அவர் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். என் கடையின் தரை முழுக்க எண்ணெய், அங்கே யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. பையிலிருந்து ஒரு காலண்டர் தாளை எடுத்து மேஜை மேல் விரித்தார். அதன் பின்புறத்தில் பேனாவால் அந்த இஞ்சினை இரண்டு பக்கமும் வரைந்திருந்தது. சிறைக்குள்ளிருந்து ஓம்பாத் நினைவிலிருந்தே வரைந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் அந்த இஞ்சினைத் துடைப்பவர் என்று அந்தப் பெண் சொன்னார். வெறும் ஓட்டைகளை எல்லாம் சிறு வட்டமாகப் போட்டு ஒன்றிலிருந்து பதினேழு வரை எண் கொடுத்திருந்தார். ஆறாம் எண்ணின் பக்கத்தில், இதில் குளவி மண்கூடு கட்டியிருந்தது, நான் கலைக்கவில்லை என்று எழுதியிருந்தார்.

"நோங், ஒவ்வொண்ணும் எதுக்குன்னு உங்ககிட்ட கேட்டு எழுதிட்டு வரச் சொன்னாரு. கோர்ட்ல நாலைப் பத்தித்தான் சொன்னீங்களாம். மிச்சத்தையும் தெரிஞ்சுக்கணும்னாரு. நீங்க மனசறிஞ்சு பொய் சொல்ற ஆளு இல்லன்னும் சொன்னாரு" என்று லுஸ்மிண்டா சொன்னார்.

அவர் தரையிலிருந்த கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்துகொண்டு பேனாவைத் திறந்தார். நான் சொல்ல ஆரம்பித்தேன். ஒன்றும் இரண்டும் பவர் ஸ்டீயரிங் பம்புக்கு. மூன்று, குளிர்நாட்டில் வண்டிக்குள் சூடு வரவைக்கும் தண்ணீர்க் குழாயைப் பிடிக்கிற கிளிப்புக்கு. நான்கும் ஐந்தும், இதே இஞ்சினை முன்பக்கம் வைக்கிற காருக்கு. ஆறு, குளவி இருந்தது, தானியங்கி கியர் பெட்டியின் ஒயரைக் கட்டுவதற்கு. அவர் ஒவ்வொன்றாக எழுதினார். அவருடைய எழுத்து பெரிது பெரிதாக இருந்தது. பொன்சியானோ வெல்டிங்கை அணைத்துவிட்டு முகமூடியைத் தூக்காமல் நின்றுகொண்டிருந்தான்.

பத்தாவது ஓட்டை வரும்போது லுஸ்மிண்டா எழுதுவதை நிறுத்திவிட்டு மேலே எழுதியதைத் திரும்பப் படித்தார். அதன் பின்னர், "எங்க வண்டியில பவர் ஸ்டீயரிங் இல்லையே நோங். தானா மாறுற கியரும் இல்ல. அப்புறம் எதுக்கு இந்த ஓட்டையெல்லாம்?" என்று கேட்டார்.

அது தொழிற்சாலையிலேயே எல்லா இஞ்சினுக்கும் பொதுவாகப் போடுவது, தேவைப்படாததை வெறுமனே விட்டுவிடுவார்கள் என்று நான் சொன்னேன்.

அவர் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பேனா நுனியைப் பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு என்று போட்டிருந்த நான்கு வட்டங்களின் மேல் ஒவ்வொன்றாக வைத்தார்.

"அப்ப இந்த நாலும்?"

நான், "அது வேற" என்று சொன்னேன்.

"வேறயா?"

"அது வேற, இண்டாய். அது கோர்ட்லயே முடிஞ்சு போச்சு" என்று தங்கையிடம் பேசுவதுபோல் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டி, அந்த நான்கின் எதிரே 'வேறு' என்று எழுதினார். பதினைந்து முதல் பதினேழு வரையும் சொல்லி முடித்தேன். அவர் தாளை மடித்து வைத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார். மேல்முறையீடு செய்வதா வேண்டாமா என்று முடிவு செய்யத்தான் ஓம்பாத் இதைக் கேட்டு அனுப்பினார் என்பதும், அதற்குத் தீர்ப்பு நாளிலிருந்து பதினைந்து நாள்தான் அவகாசம் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன் என்று இங்கே சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜூலை 11 அன்று லுஸ்மிண்டா மறுபடியும் வந்தார். ஓலையில் பொதிந்து வேகவைத்த சோற்றுப் பொட்டலங்கள் ஆறும், வறுத்த கருவாடும் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். ஓம்பாத் கொடுக்கச் சொன்னதாகச் சொன்னார். நீங்கள் இவ்வளவு பொறுமையாகச் சொன்ன பிறகு அவருக்கு மனது தெளிந்துவிட்டது, மேல்முறையீடு வேண்டாம் என்று வக்கீலம்மாவிடம் சொல்லி அனுப்பிவிட்டார் என்றார். இஞ்சின் திருட்டு இஞ்சின்தான், மோய்செஸ் தன்னை ஏமாற்றித் தலையில் கட்டிவிட்டான் என்று அவர் முடிவுக்கு வந்துவிட்டாராம். லுஸ்மிண்டா தானே மோய்செஸின் மனைவி வீட்டுக்குப் போய், அவருடைய மகள்களும் அக்கம்பக்கத்தாரும் பார்க்க, உன் புருஷன் செத்தும் எங்களைக் கெடுத்தான் என்று கத்திவிட்டு வந்ததாகவும் சொன்னார். இதைச் சொல்லும்போது அவருக்குத் தன்னையே பிடிக்கவில்லை என்று தெரிந்தது. நான் அந்தச் சோற்றைச் சாப்பிடவில்லை. தூக்கி எறியவும் முடியவில்லை. பொன்சியானோவிடம் கொடுத்தேன், அவனும் வேண்டாம் என்றான். மாலை வரை மேஜையிலேயே இருந்து எறும்பு பிடித்தது.

அதன் பின்னர் ஜூலை 13 அன்று நான் போலீஸ் யார்டுக்குப் போய், காவலுக்கு நின்ற போலீஸ்காரரிடம் வழக்கு சம்பந்தமாக இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று கேட்டேன். எக்ஸ்பர்ட் என்பதால் உடனே விட்டார். மண்ணெண்ணெயும் பழைய துணியும் ஒரு பல் துலக்கும் பிரஷும் கொண்டு போயிருந்தேன். மண்டியிட்டு உட்கார்ந்து நான்கு ஓட்டைகளையும் கழுவினேன். நான்கிலும் மரைக்குள் கறுப்பு பெயின்ட் இருந்தது. ஓட்டையைச் சுற்றிப் போல்ட் தலை அழுத்திய வட்டம் எதிலும் இல்லை. சரியான அளவு போல்ட் ஒன்றைக் கையால் திருகிப் பார்த்தேன். இரண்டு சுற்றுக்கு மேல் ஏறவில்லை. ஜப்பானில் வார்த்த நாள் முதல் அந்த ஓட்டைகளில் எந்தப் போல்ட்டும் ஏறியதில்லை. ஏசி இருந்த இஞ்சின் அது அல்ல. திருமதி கனோயின் வண்டி இஞ்சினாக அது இருக்கவே முடியாது. காவலுக்கு நின்றவர் முன்னிலையில் படங்கள் எடுத்தேன். அவை இத்துடன் கொடுக்கப்படுகின்றன.

கடைக்குத் திரும்பி, இரும்புக் கையை டிரம்மில் தேடினேன். பழைய இரும்பு வாங்கும் லாரி அந்த டிரம்மை ஜூன் மாதமே காலி செய்துவிட்டுப் போயிருந்தது. அப்படியும் டிரம்முக்குள் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தேன். பொன்சியானோ தன் வெல்டிங் கம்பிகள் வைக்கும் பெட்டியைத் திறந்து, ஒரு சாக்குத்துணியில் சுற்றியதை எடுத்துக்கொண்டு வந்தான்.

"இதுதானே தேடுறீங்க நோங்" என்றான்.

நான் எறிந்த அன்றே அதை எடுத்து வைத்திருக்கிறான். ஏழு வாரமாக என்னிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீங்களா கேப்பீங்கன்னு இருந்தேன். இந்த வாரம் கேக்கலேன்னா நான் வேற இடம் பாத்துக்கலாம்னு இருந்தேன்" என்று சொன்னான். மேற்படி இரும்புக் கையும் இத்துடன் ஒப்படைக்கப்படுகிறது. அதை எறிந்தது நான் என்பதையும், காப்பாற்றியது பொன்சியானோ என்பதையும் தனித்தனியாக எழுதிக்கொள்ளவும்.

ஜூலை 15 அன்று நகரச் சிறைக்குப் போய்ப் பார்வையாளர் வரிசையில் நின்று ப்ருடென்சியோ ஓம்பாத்தைப் பார்த்தேன். கருவாடு வந்து சேர்ந்ததா என்றுதான் அவர் முதலில் கேட்டார். நான் மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒன்று விடாமல் அவரிடம் சொன்னேன். சொல்லி முடித்த பிறகு, அந்த இரும்புக் கை எதற்கு என்று கேட்டார். பெல்ட்டைப் பற்றியும் குளிர்பெட்டியைப் பற்றியும் சொன்னேன்.

"அப்ப மீன் வண்டிதானா?"

"ஆமா."

"மோய்செஸ் உண்மையைத்தான் சொல்லியிருக்கான்" என்று சொல்லிவிட்டு, மேஜை விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் என்னைப் பார்க்காமல், "லுஸ்மிண்டாகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார். வயதில் என்னைவிடச் சிறியவர், அதுவரை மரியாதையாகப் பேசியவர், அப்போதுதான் முதல்முறையாக ஒருமையில் பேசினார். இல்லை என்றேன்.

"முதல்ல அவகிட்ட போய்ச் சொல்லு. தெரிஞ்சேதான் வாங்குனியான்னு போன வாரம் என்னைக் கேட்டா. பதினோரு வருஷத்துல அவ என்னை அப்படிப் பாத்ததில்ல. நான் இல்லன்னு சொன்னேன். சரின்னுட்டுப் போனா. அந்தச் சரி எனக்கு வேண்டாம்."

அவர் அதன் பின்னர் எழுந்து உள்ளே போய்விட்டார். பார்வை நேரம் இன்னும் இருந்தது.

அடுத்த நாள் காலையில் மீன் சந்தைக்குப் பின்னாலுள்ள அவர்கள் வீட்டுக்குப் போனேன். லுஸ்மிண்டா குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். பெண்கள் நான்கைந்து பேர் இருந்தார்கள். தனியாகப் பேச வேண்டும் என்றேன். இங்கேயே சொல்லுங்கள், மறைக்க எங்களிடம் என்ன இருக்கிறது என்றார். அதனால் அவர்கள் எல்லோரும் கேட்கவே சொன்னேன். குழாய் திறந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது, யாரும் மூடவில்லை. சொல்லி முடித்ததும் ஒரு பெண் என்னைப் பார்த்துக் காறித் துப்பினார். லுஸ்மிண்டா கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய் அந்தக் காலண்டர் தாளையும் பேனாவையும் கொண்டு வந்தார்.

"எந்த நம்பரு? காட்டுங்க."

காட்டினேன். தான் எழுதியிருந்த 'வேறு' என்ற சொல்லை அடித்துவிட்டுப் பேனாவை என் கையில் கொடுத்தார். நான்கு வட்டங்களுக்கும் எதிரே, இதில் போல்ட் ஏறியதே இல்லை என்று நான்கு முறை எழுதி, ஒவ்வொன்றின் கீழும் கையெழுத்துப் போட்டேன். அவர் அதை வாங்கிப் படித்தார்.

"அன்னைக்கே இது உங்களுக்குத் தெரியும்" என்று சொன்னார்.

"தெரியும்."

"நான் உங்க எதுக்கால உக்காந்திருந்தேன்."

"ஆமா."

முதலில் தான் மோய்செஸின் மனைவியைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும், அங்கே நான் வர வேண்டாம் என்றும், திங்கட்கிழமை காலையில் அரசு வழக்கறிஞர் அலுவலக வாசலில் நிற்கும்படியும் லுஸ்மிண்டா சொன்னார். இன்று காலை எட்டு மணிக்கு நான் வந்தபோது அவர் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார்.

எனக்கு இந்த வழக்கில் யாரும் பணமோ வேறு எதுவுமோ கொடுக்கவில்லை. யாரும் மிரட்டவில்லை. போலீசார் இன்னதைச் சொல் என்று எனக்குச் சொல்லித்தரவில்லை. திருமதி கனோய் என்னிடம் பேசியதே இல்லை. தவறு முழுவதும் என்னுடையது. பிப்ரவரி 9 அன்று நான் செய்தது அறியாமையும் வீம்பும். மே 24 முதல் செய்தது அறிந்தே செய்தது. இரண்டையும் ஒன்றாக எழுதி எனக்குச் சலுகை காட்ட வேண்டாம். பக்கத்து நகரப் போலீசாருக்கு மே 26 அன்று நான் சொன்ன கருத்தையும் வேறு ஒருவரை வைத்துச் சரிபார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அதிலும் ஒரு ஆள் இருக்கிறார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது, நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மேல்முறையீட்டுக் கெடு முடிந்துவிட்டாலும், புதிய சான்றின் பேரில் வழக்கைத் திறக்க மனுப் போடலாம், ஆனால் எத்தனை மாதம் ஆகும் என்று சொல்ல முடியாது என்று அதிகாரி சொன்னார். பொய்ச் சாட்சி சொன்னதற்கும் சான்றை மறைத்ததற்கும் என் மீது தனி வழக்கு வரும் என்றும் சொன்னார். புரிந்தது என்று சொன்னேன். என் மனைவிக்கு இன்னும் தெரியாது. இங்கிருந்து போய்ச் சொல்ல வேண்டும்.

மேலே எழுதப்பட்டதை அதிகாரி எனக்கு நிதானமாக வாசித்துக் காட்டினார். ஓரிடத்தில், 'தவறு நடந்துவிட்டது' என்று எழுதியிருந்ததை 'தவறு முழுவதும் என்னுடையது' என்று என் வேண்டுகோளின் பேரில் மாற்றினார். வெளியே பெஞ்சில் இருக்கும் லுஸ்மிண்டா ஓம்பாத்தை உள்ளே அழைத்து, அவர் முன்னிலையிலும் ஒருமுறை வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அதிகாரி போய்க் கூப்பிட்டார். அவர் வரவில்லை. தனக்குக் கேட்டது போதும் என்றும், முத்திரை குத்திய நகல் ஒன்று வேண்டும் என்றும், சிறையில் பார்வை நேரம் இரண்டு மணிக்கு முடிந்துவிடும் என்பதால் சீக்கிரம் தரும்படியும் சொல்லி அனுப்பினார்.

இதில் உள்ளது நான் என் வாயால் சொன்னது. என் நினைவுக்கு எட்டியவரை எதையும் கூட்டவில்லை, எதையும் விடவில்லை. இது உண்மை என்று அறிந்து, நேரம் மதியம் 12.15க்குக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) எலுத்தேரியோ சுமாலினோக்